தனித் தட்டு

கடலூர் முதுநகரில் இருந்த எங்கள் பூர்வீக வீட்டைச் சென்ற ஆண்டு விற்க வேண்டியதாயிற்று. பரணில் நெடுங்காலமாகச் சேர்ந்து கிடந்த பொருள்களை இறக்கிப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பழந்துணியில் சுற்றிய ஓர் அலுமினியத் தட்டும் தம்ளரும் அகப்பட்டன. தட்டின் விளிம்பில் ஆணியால் கீறிய இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டியபடி இருந்தன. அருகில் நின்ற என் மகள், "சிலுவை போட்டிருக்கிறதே, கோயில் பாத்திரமா அப்பா?" என்று கேட்டாள். விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. அது சிலுவையன்று. மற்றத் தட்டுகளோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக என் பாட்டி இட்ட அடையாளம். அது என் சித்தப்பாவின் தட்டு.

1967ஆம் ஆண்டின் இறுதி. எனக்கு அப்போது வயது ஒன்பது. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிவந்த சித்தப்பாவுக்கு மழைக்காலத்தில் தொடங்கிய இருமல் தை பிறந்தும் நிற்கவில்லை. மாலைதோறும் காய்ச்சல், உடம்பு நாளுக்கு நாள் உருகிற்று. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர் காசநோய் என்றார். ஊசியும் மாத்திரையுமாக ஓராண்டுக்கு மேல் மருத்துவம் நடந்தது. அன்று முதல் திண்ணையை ஒட்டிய சிறு அறையே சித்தப்பாவின் இருப்பிடமாயிற்று. அவருடைய தட்டுக்கும் தம்ளருக்கும் கொல்லைச் சுவரில் ஓர் ஆணி அடிக்கப்பட்டது. பாட்டி கல்நெஞ்சக்காரி அல்லள். இரவெல்லாம் செபமாலை சொல்லி மகனுக்காக அழுதவள்தான். ஆயினும் சோறு பரிமாறும்போது அகப்பை தட்டில் பட்டுவிடாதபடி உயரத்திலிருந்தே போடுவாள்.

அடுத்த ஆண்டு முடிவதற்குள் நோய் முற்றும் குணமாகிவிட்டது என்று அதே மருத்துவர் சொன்னார். சித்தப்பா வேலைக்குத் திரும்பினார். ஞாயிறுதோறும் எங்களோடு திருப்பலிக்கு வந்தார். ஆனால் தட்டு மட்டும் ஆணியை விட்டு இறங்கவில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவன்று எல்லாருக்கும் கூடத்தில் இலை போட்டால், அவருக்குத் திண்ணையில் போடுவார்கள். 1986இல் அவர் மாரடைப்பால் இறக்கும்வரை அப்படியே நடந்தது. ஏன் என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கைகழுவிவிட்டுத் தாமே சென்று அந்த ஆணியிலிருந்து தட்டை எடுத்துவருவார்.

அவர் நோயுற்றிருந்த நாள்களில் ஒருமுறை தண்ணீர்த் தம்ளரை வாசற்படியில் வைத்துவிட்டு நான் திரும்பியபோது, சித்தப்பா என்னை அழைத்துக் கடலை உருண்டை ஒன்றை நீட்டினார். நான் வாங்காமல் ஓடிவந்துவிட்டேன். பெரியவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நீட்டிய கை நீட்டியபடியே நின்றதைத் திரும்பிப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்று நாங்கள் செய்தது விவேகமா, அன்பின்மையா? தொற்றும் நோய் கண்ட ஒருவரை எவ்வளவு தொலைவில் நிறுத்தலாம்? எவ்வளவு காலம் நிறுத்தலாம்? பரணிலிருந்து இறங்கிய அந்தத் தட்டு இக்கேள்விகளைத்தான் என் முன் வைத்தது.

மூச்சின் வழி

நுரையீரலைப் பற்றும் நோய்களுக்கு மற்ற நோய்களுக்கு இல்லாத ஒரு தன்மை உண்டு. தண்ணீரால் பரவும் நோயானால் காய்ச்சிக் குடிக்கலாம். கொசுவால் பரவும் நோயானால் வலை கட்டிக்கொள்ளலாம். ஆனால் காற்றை யார் பங்கு போட முடியும்? சிதம்பரத்தை ஆகாயத் தலம் என்று நம் சைவச் சகோதரர்கள் போற்றுகின்றனர். ஒருவருக்கும் உரிமையாகாமல் எல்லாரையும் சூழ்ந்து நிற்கும் வெளி அது. அந்த வெளியில்தான் நாம் பேசுகிறோம், பாடுகிறோம், செபிக்கிறோம், இருமுகிறோம். ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் வாங்குகிறார். ஆகவே மூச்சின் வழியே வரும் நோய், உடன் வாழ்தல் என்பதையே ஆபத்தானதாக நம் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

காசநோய்க்குக் காரணமான நுண்ணுயிரைத் தாம் கண்டறிந்ததை 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் மருத்துவர் அறிவித்தார். அதற்கு முன் இதனைப் பரம்பரை நோய் என்று கருதியவர்கள் பலர். தெய்வ தண்டனை என்று அஞ்சியவர்களும் உண்டு. நுரையீரலில் நோய் முற்றியவர் இருமும்போதும் தும்மும்போதும் பேசும்போதும் கண்ணுக்குப் புலப்படாத துளிகள் வெளிப்படுகின்றன. அவை உலர்ந்து மிக நுண்ணியவாகி, காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அதே அறையில் நெடுநேரம் தங்கி அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் நுரையீரலுக்குள் அவை இறங்குகின்றன. திறந்த வெளியில் அவை கலைந்து போகின்றன. வெயிலில் மடிந்து போகின்றன.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காசநோய் தட்டினால் பரவுவதில்லை, தம்ளரால் பரவுவதில்லை, கைகுலுக்குவதாலோ உடைகளைத் தொடுவதாலோ பரவுவதில்லை. எங்கள் வீட்டில் தட்டைப் பிரித்துவைத்தோம். ஆனால் சித்தப்பா படுத்திருந்த அறைக்கு இருந்த ஒரே சன்னலைப் பனிக்காற்று ஆகாது என்று இறுகச் சாத்திவைத்தோம். மாதக்கணக்கில் இருமியபோது, சாதாரணச் சளிதானே என்று அதே அறையில் என் தமையனையும் உறங்கச் செய்தோம். காவல் வேண்டிய இடத்தில் காவல் இல்லை. வேண்டாத இடத்தில் ஆணி அடித்துக் காவல் வைத்தோம்.

சென்னையில் நடந்த ஆய்வு

கடலூரிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ இரயிலில் சென்னை செல்பவர்கள், தாம்பரத்தைக் கடந்ததும் சானடோரியம் என்ற பெயருடைய நிலையத்தைப் பார்த்திருப்பார்கள். 1928இல் டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையின் பெயர்தான் அந்நிலையத்துக்கு நிலைத்துவிட்டது. மருந்து கண்டுபிடிக்கப்படாத அக்காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவையே மருத்துவம். நோயாளியை வீட்டிலிருந்து பிரித்து இத்தகைய இடங்களில் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தனர். அவருக்கு ஓய்வு, வீட்டாருக்குப் பாதுகாப்பு என்பதே அதன் கருத்து. ஆனால் நாட்டிலிருந்த நோயாளர்களின் தொகைக்கு முன் இத்தகைய மருத்துவமனைகளின் படுக்கைகள் மிகச் சொற்பம்.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியாசிடும் மருத்துவத்துக்கு வந்தபின் ஒரு புதிய கேள்வி எழுந்தது. மருந்தே குணமாக்கும் என்றால் நோயாளியை வீட்டிலிருந்து ஏன் பிரிக்க வேண்டும்? இதற்கு விடை காண 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக நலவாழ்வு நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து இதனை நடத்தின. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் இதற்குத் தலைமை தாங்கினார்.

சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த 193 நோயாளர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர். யாருக்கு எந்த இடம் என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்பட்டது. ஒரு பிரிவினர் மதனப்பள்ளி, தாம்பரம் ஆகிய இடங்களிலிருந்த மருத்துவமனைகளில் நல்ல உணவோடும் ஓய்வோடும் ஓராண்டு வைக்கப்பட்டனர். மற்றப் பிரிவினர் தம் குடிசைகளிலேயே, கிடைத்ததை உண்டு, இயன்ற வேலையைச் செய்துகொண்டு அதே மருந்துகளை உட்கொண்டனர். 1959இல் முடிவு வெளிவந்தது. மருத்துவமனையில் இருந்தவர்களின் எடை கூடுதலாக ஏறியது உண்மையே. ஆயினும் நோய் குணமானதில் இரு பிரிவினருக்குமிடையே பெரிய வேறுபாடு இல்லை.

இதனினும் வியப்புக்குரியது மற்றொரு முடிவு. இரு பிரிவு நோயாளர்களின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நோயாளியோடு ஒரே குடிசையில் வாழ்ந்தவர்களுக்கு, நோயாளி பிரிந்திருந்த வீட்டாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. மருந்து தொடங்கியபின் நோயைப் பரப்பும் ஆற்றல் விரைந்து குறைகிறது; வீட்டாருக்குத் தொற்றியிருந்தால் அது பெரும்பாலும் நோய் இன்னதென்று தெரியும் முன்பே தொற்றியிருந்தது. இந்த உண்மையை உலகுக்கு உணர்த்தியது நம் சென்னை நகரத்து ஏழைகளின் குடிசைகளேயாகும். அதன்பின் உலகெங்கும் வீட்டிலிருந்தபடியே மருந்து உண்ணும் முறை பரவிற்று.

சித்தப்பாவுக்கு நோய் கண்டது இம்முடிவு வெளிவந்து எட்டு ஆண்டுகள் கழித்து. சேத்துப்பட்டுக்கும் எங்கள் முதுநகருக்கும் இடையே உள்ள தொலைவு இருநூறு கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே கண்ட மருந்துமுறை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அங்கே கண்ட உண்மை வந்து சேரவில்லை.

விவேகமும் அச்சமும்

"அப்படியானால் எச்சரிக்கையே வேண்டாமா? பிள்ளைகுட்டிக்காரர்கள் அஞ்சுவதில் என்ன தவறு?" என்று சிலர் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. அன்பு என்ற பெயரால் ஆபத்தை இல்லையென்று சொல்வது பொய்யாகும். பொய்யின்மேல் அன்பைக் கட்ட இயலாது. நம் ஆண்டவர் தொழுநோயாளரைக் கைநீட்டித் தொட்டார் என்பதை எடுத்துக்காட்டி, முகத்தை மூடாமல் இருமுவதை யாரும் நியாயப்படுத்த முடியாது.

திருச்சபை போற்றும் நான்கு தலையாய நற்பண்புகளில் விவேகம் முதலாவதாக வைக்கப்பட்டுள்ளது. விவேகம் அச்சத்தின் மறுபெயரன்று. உள்ளதை உள்ளபடி அறிந்து அதற்கேற்ப நடப்பதே விவேகம். அச்சமோ அறிய மறுக்கிறது. ஆகவே ஒரு நோயாளரை விலக்கிவைக்கும் எச்சரிக்கை ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது உண்மையாகவே யாரையேனும் காக்கிறதா? தேவைக்கு மேல் அது நோயாளரை வருத்துகிறதா? தேவை தீர்ந்ததும் அது முடிவுக்கு வருகிறதா?

மருத்துவம் தொடங்கிய முதல் வாரங்களில் நோயாளர் முகக்கவசம் அணிதலும், வாயை மூடி இருமுதலும், காற்றோட்டமான தனி இடத்தில் உறங்குதலும் இந்த உரைகல்லில் தேறுகின்றன. கண்ட இடத்தில் துப்பாமல் மூடியுள்ள பாத்திரத்தில் துப்பி அப்புறப்படுத்துதலும் அவ்வாறே. வீட்டார் அனைவரும், சிறப்பாகக் குழந்தைகள், பரிசோதனை செய்துகொண்டு தடுப்பு மருந்து உண்ணுதலும் தேறுகின்றது. மருந்துக்கு அடங்காத வகை நோயென்றால் எச்சரிக்கை நீளும். எவ்வளவு நாள் என்பதை மருத்துவர் சொல்வார். இந்தக் கடமைகளில் நோயாளருக்கும் பெரும் பங்கு உண்டு. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்திவிடுபவர் தமக்கு மட்டும் தீங்கு செய்துகொள்ளவில்லை. அரைகுறையாக மருந்துண்ட உடலில் மருந்துக்கு அஞ்சாத கிருமி தோன்றும். அது அயலாரைச் சென்று பற்றும். வழக்கமான ஆறுமாத மருத்துவத்தை முடிப்பது அயலார்மீது காட்டும் அன்பேயாகும்.

இப்போது எங்கள் வீட்டுத் தட்டை எடுத்துக்கொள்வோம். அது யாரையும் காக்கவில்லை. சித்தப்பாவை ஒவ்வொரு வேளையும் வருத்தியது. நோய் நீங்கிய பின்னும் பதினெட்டு ஆண்டுகள் நீடித்தது. மூன்று கேள்விகளிலும் அது தோற்றுப்போனது. எங்கள் கூடத்தில் அப்போது குழந்தை இயேசுவின் புனித தெரசாளின் படம் மாட்டியிருந்தது. அக்டோபர் முதல் நாளன்று பாட்டி அதற்கு மாலை சாத்துவாள். அப்புனிதை 1897ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தம் 24ஆம் வயதில் காசநோயால் இறந்தவர் என்பது பாட்டிக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. காசநோய் கண்ட புனிதைக்குக் கூடத்தில் மாலை. காசநோய் கண்ட மகனுக்குத் திண்ணையில் இலை.

இது பழங்காலத்துக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2020ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களிடையே கொரோனாத் தொற்று கண்டபோது, நம் கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு நோய் உறுதியாயிற்று. மூட்டை சுமந்து நமக்குக் காய்கறி அனுப்பியவர்கள் அவர்கள். அவர்களைத் தனிமைப்படுத்தியது தேவையான எச்சரிக்கை. ஆனால் தனிமைக் காலம் முடிந்து வீடு வந்தவர் கடைக்குப் போனபோது, எட்டி நின்று சில்லறையை எறிந்தவர்களை நான் கண்ணால் கண்டேன். அந்தச் சில்லறையும் ஒரு தனித் தட்டுத்தான்.

மறைத்ததன் விலை

சில ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்தை அடுத்த ஒரு சிற்றூருக்கு எங்கள் வின்சென்ட் தே பவுல் சபையினரோடு சென்றிருந்தேன். நடவு வேலைக்குச் செல்லும் ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும். காசநோய்க்கு மருந்து உண்டுகொண்டிருந்தார். ஆறு வயதுப் பேத்தியும் அதே நோய்க்கு மருந்து உண்டுகொண்டிருந்தாள். விசாரித்ததில், அந்த அம்மாளுக்கு இருமல் தொடங்கி ஏழு மாதங்கள் கழித்தே மருத்துவமனைக்குச் சென்றிருந்தார் என்று தெரிந்தது. சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். அண்ணாமலைநகர் மருத்துவமனையும் அவர்கள் ஊருக்குத் தொலைவில் இல்லை. பின் ஏன் இந்தத் தாமதம்?

அவர் முதலில் பேசவில்லை. பிறகு தலையைக் குனிந்தவாறே சொன்னார்: "வெளியே தெரிஞ்சா மகளுக்கு வர்ற சம்பந்தம் நின்னுடும். வீட்டிலே எனக்குன்னு தனித் தட்டு வெச்சிடுவாங்க. அதுக்குப் பயந்துதான் ஐயா சொல்லலே."

அந்த ஏழு மாதமும் பேத்தி பாட்டியின் அணைப்பில்தான் உறங்கியிருக்கிறாள்.

தனித் தட்டு யாரையும் காப்பதில்லை என்று மேலே சொன்னேன். அது போதாது. தனித் தட்டே நோயைப் பரப்புகிறது என்று அன்றுதான் உணர்ந்தேன். விலக்கிவைப்பார்கள் என்ற அச்சத்தால் நோயாளர் மறைக்கிறார். மறைப்பதால் மருந்து தாமதமாகிறது. தாமதமாகும் அந்த மாதங்களில்தான் நோய் பரவுகிறது. நம்மைக் காத்துக்கொள்ள நாம் எழுப்பும் சுவரே நம் பிள்ளைகளை நோய்க்குக் காட்டிக்கொடுக்கிறது. விலக்குதல் அன்புக்கு மட்டும் மாறானதன்று, அறிவுக்கும் மாறானது. அந்த அம்மாள் மறைத்தது தவறே. அந்தத் தவற்றை அவர் மனம் நன்கறியும். ஆனால் அவரை மறைக்கச் செய்தவர்கள் நாம் அல்லமோ?

வெறுந்தட்டு

தட்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. காசநோய்க் கிருமி உடலில் புகுந்தவர் எல்லாரும் நோயுறுவதில்லை. பெரும்பாலோரின் உடல் அதனை அடக்கிவைத்துக்கொள்கிறது. உடலின் எதிர்ப்பாற்றல் தளரும்போது அது தலைதூக்குகிறது. தளர்ச்சிக்குக் காரணங்கள் பல: நீரிழிவு, புகை, மது, எச்.ஐ.வி. நம் நாட்டில் அவற்றுள் முதன்மையானது பழமையானதும் எளிமையானதுமான ஒரு காரணம். அதன் பெயர் பசி.

1959ஆம் ஆண்டுச் சென்னை ஆய்வில், உணவு மட்டமாயிருந்தும் மருந்தால் நோய் குணமானதைக் கண்டவர்கள் உணவைப் பெரிதாகக் கருதாமல் விட்டனர். ஆனால் குணமாவது வேறு, நோய் வராமலிருப்பது வேறு அன்றோ? இந்தக் கேள்விக்கு விடை வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சேத்துப்பட்டு மையம் பின்னாளில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. அந்நிறுவனமும் பங்குகொண்ட ஓர் ஆய்வு, மருத்துவர் அனுராக் பார்கவா, மருத்துவர் மாதவி பார்கவா ஆகியோரின் முயற்சியால் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்தது. 2,800 நோயாளர்களின் வீடுகளில் வாழ்ந்த பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். நோயாளர் அனைவருக்கும் மாதந்தோறும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. ஒரு பிரிவு வீடுகளில் மட்டும் உடன் வாழ்ந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தனர். 2023இல் வெளியான முடிவின்படி, அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 அளவுக்குக் குறைந்திருந்தது. தொற்றும் தன்மையுள்ள நுரையீரல் நோயோ ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

புதிய தடுப்பூசி ஒன்று இதைச் செய்திருந்தால் உலகமே வியந்து பேசியிருக்கும். செய்தது அரிசியும் பருப்பும்.

தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய "காசநோய் இறப்பில்லாத் திட்டம்" இதே உண்மையின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. நோய் கண்டவுடனே அவருடைய எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், உடலில் உள்ள ஆக்சிஜன் அளவு, துணையின்றி எழுந்து நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பார்க்கின்றனர். மிகவும் நலிந்தவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கின்றனர். மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே மடிந்துபோகும் அளவுக்கு மெலிந்த உடல்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன என்பதுதானே இதன் பொருள்? 2023ஆம் ஆண்டில் உலகில் ஒரு கோடியே எட்டு இலட்சம் பேர் காசநோயால் தாக்கப்பட்டனர். பன்னிரண்டரை இலட்சம் பேர் இறந்தனர். அந்நோயாளர்களுள் நான்கில் ஒருவருக்கு மேல் நம் நாட்டினர்.

நம் மாவட்டத்தின் மண்ணிலேயே இந்தப் பசியைக் கண்டு கலங்கியவர் ஒருவர் இருந்தார். 1867இல் வடலூரில் இராமலிங்க அடிகளார் தருமச்சாலையை நிறுவி ஏற்றிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிந்து பசித்தோருக்கு உணவளித்துவருகிறது. அங்கே வருபவரிடம் நீ யார், எந்தச் சாதி, உனக்கு என்ன நோய் என்று கேட்பதில்லை. அந்த அடுப்பு அறத்துக்காக மட்டும் எரியவில்லை, மருத்துவத்துக்காகவும் எரிகிறது என்று இன்று சொல்லலாம்.

இந்நோயின் கொடுமையை எண்ணும்போது நம் கடலூரில் பிறந்த மற்றொருவரும் நினைவுக்கு வருகிறார். 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்து, தமிழ்ச் சிறுகதைக்குப் புதுவழி கண்ட புதுமைப்பித்தன், திரைப்பட வேலையாகப் புனே சென்றிருந்த காலத்தில் காசநோயால் நலிந்தார். 1948இல் திருவனந்தபுரத்தில் தம் 42ஆம் வயதில் காலமானார். ஸ்ட்ரெப்டோமைசின் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1943இல், அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அன்று அது நம் நாட்டு எளியோருக்கு எட்டும் மருந்தன்று. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் நூலாக வெளிவந்தன. படித்தவர்களுக்குத் தெரியும், அந்த வாழ்வில் நோய்க்கு முன்பே வறுமை குடியேறியிருந்தது. இன்று மருந்து ஊருக்கு ஊர் வந்துவிட்டது. வறுமை விட்டுப் போய்விட்டதா?

ஒரே பந்தி

நோயாளருக்கு உணவுக்கென்று நடுவண் அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கியது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆயிற்று. ஒரு குடும்பத்தின் பசிக்கு அது போதாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தனியொருவரோ ஓர் அமைப்போ ஒரு நோயாளரை ஏற்று, மாதந்தோறும் உணவுப்பொருள் வழங்கவும் 2022 முதல் வழி செய்யப்பட்டுள்ளது. நம் அன்பியங்களும் பக்த சபைகளும் இதைச் செய்ய முடியாதா? தவக்காலத்தில் ஒரு வேளை உண்ணாமல் சேர்க்கும் அரிசி, ஒரு வீட்டின் குழந்தைகளைக் காசநோயிலிருந்து காக்கும் என்றால், அந்த ஒறுத்தலுக்கு இதனினும் பொருத்தமான பயன் வேறென்ன இருக்கிறது? ஆனால் கொடுக்கும்போது வாசற்படியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. வாசற்படியில் வைத்துவிட்டு ஓடியவனுக்கு அதன் குற்றம் தெரியும்.

ஒரே அப்பத்தில் பங்குகொள்வோர் என்று நம்மை நாம் அழைத்துக்கொள்கிறோம். கோயிலில் ஒரே பந்தி. வீட்டில் தனித் தட்டு என்றால், இரண்டில் ஒன்று பொய். எங்கள் வீட்டில் எது பொய்யாயிற்று என்று பதினெட்டு ஆண்டுகள் நாங்கள் யோசிக்கவேயில்லை. சித்தப்பா யோசித்திருப்பார். கேட்காமல் போய்விட்டார்.

சிதம்பரத்து அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். நாங்கள் புறப்படும்போது அவர் தயங்கித் தயங்கி, "பேத்தியை மடியிலே வெச்சுக்கலாமா ஐயா?" என்று கேட்டார். அப்போது அவர் மருந்து உண்ணத் தொடங்கி மூன்று மாதம் கடந்திருந்தது. எங்களோடு வந்திருந்த செவிலியர் அவருடைய சளிப் பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்த்தார். கிருமி இல்லை என்று அதில் குறித்திருந்தது. "தாராளமா வெச்சுக்கங்க அம்மா. சன்னலைத் திறந்து வெச்சு, ரெண்டு பேரும் மாத்திரையை விடாம சாப்பிடுங்க" என்றார். அந்த அம்மாள் குழந்தையை வாரியெடுத்து மடியில் இருத்திக்கொண்டார். அதன்பின் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அறிவும் அன்பும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து ஒலித்ததை அன்று கேட்டேன்.

என் மகள் கேட்ட கேள்விக்கு அன்றிரவு விடை சொன்னேன். சித்தப்பாவின் கதை முழுவதையும், நான் வாங்காமல் விட்ட கடலை உருண்டையையும் சேர்த்துச் சொன்னேன். பழைய பாத்திரக்காரரிடம் மற்றவற்றைப் போட்டபோது அவள் அந்தத் தட்டை மட்டும் கொடுக்க விடவில்லை. தேய்த்துக் கழுவி, எங்கள் வீட்டு அடுக்களையில் மற்றத் தட்டுகளின் நடுவே வைத்துவிட்டாள். விளிம்பில் குறியிருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் அது யாருடைய தட்டும் அன்று. கைக்கு வந்தவர் எடுத்து உண்கிறோம்.